வாணி வளத்துன பூச்சி

அடிக்காதீங்க தம்பி. உட்டுருங்க, அது பாட்டுக்கு சன்னல் வழியா போயிரும். இடுப்பு ஒடுங்கி, பின்னால ஊசியாட்ட நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க, அது குளவி வகைங்க. ஆனா நம்மளக் கொட்டாது. புழுவத் தேடித்தான் போகும். பாத்தீங்களா, போயிருச்சு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? என்ற மக சொல்லிக் குடுத்ததுங்க. நான் வெச்சிருக்கறது பூச்சிமருந்துக் கடை. பூச்சியக் கொல்றதுதான் சோலியே. அப்படிப்பட்டவன் பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு, பூச்சிய அடிக்காதீங்கன்னு ஊரான் புள்ளைக்குப் புத்தி சொல்றேன். எம்பொழப்பு இந்த லட்சணத்துல ஆயிப்போச்சு.

கோயமுத்தூருங்களா நீங்களும்? அப்ப நல்லதாப் போச்சு. எம்பேரு சென்னியப்பனுங்க. தாராபுரத்துல வாணி மருந்துக்கடை எங்கீன்னு கேட்டா சின்னக் கொழந்தையும் காட்டும். வாணிங்கறது மக பேரு. கோகிலவாணி. அவ பொறந்த வருசம் ஆரம்பிச்ச கடைங்க அது. அவ தவழ்ந்ததே மருந்து அட்டப்பொட்டிக்கு நடுவுலதான். அப்படி வளந்த புள்ள இப்ப என்னையப் பாத்து, அப்பா நீங்க விக்கறது பாதி தேவையே இல்லைங்கறா. எங்க போயிச் சொல்றது, சொல்லுங்க.

தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னா, சட்டத்துல. மருந்துக்கடை வெக்கறதுக்கு இப்பப் படிப்பு வேணுமுங்க. விவசாயம் படிச்ச ஆளு ஒருத்தர் கடைக்கு இருந்தாகோணும்னு கொண்டாந்துட்டாங்க. நான் பத்தாவதே தாண்டல. ரோசன பண்ணிப் பாத்தேன். ஊட்டுலயே ஒரு புள்ள இருக்குது, அதப் படிக்க வெச்சுட்டா கடைக்கும் ஆச்சு, பொண்ணும் கண்ணு முன்னாலயே இருக்கும். தோட்டக்கலைன்னு சேத்தி உட்டேன். நாலு வருசம் முடிச்சுட்டு, மேல படிக்கறேனுங்கப்பான்னா. என்ன படிப்பு கண்ணுன்னு கேட்டேன். பூச்சியியலுங்கப்பான்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு தம்பி. அப்பன் தொழிலுக்கு நேரா வந்து நிக்கறாளேன்னு. அன்னிக்கே போயி சுத்தற சேரு ஒண்ணு வாங்கிக் கடையில போட்டேன், அவ வந்து உக்கார்றதுக்கு. இப்ப அதுல பூனை படுத்துத் தூங்குதுங்க.

அந்தப் படிப்புல ஒரு பழக்கமுங்க, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ஒவ்வொரு புள்ளையும் ஒரு மரப்பொட்டி நெறையப் பூச்சி புடிச்சு, குண்டூசி குத்தி, பேரெழுதி ஒட்டிக் குடுக்கோணும். அதுக்குத் தனி மார்க்கு. லீவுக்கு வந்தா அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வலையத் தூக்கிக்கிட்டு வாய்க்கா மேட்டுல ஓடுவோம். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பட்டாம்பூச்சி தொரத்தறவன ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க? சென்னியப்பனுக்குக் கழண்டுபோச்சுன்னாங்க. சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க. அந்தப் பொட்டியிலயே பெருசு ஒரு கொம்பு வண்டு. தென்னைமரத்துல இருக்குமே, அது. நான் புடிச்சதுங்க. மார்க்குப் போட்ட வாத்தியாரு மொதல்ல அதத்தான் பாத்தாராமா.

இப்படி எல்லாம் ஒத்தாசையா இருந்தவன் நானு. படிப்ப முடிச்சுட்டு வந்து என்ன சொன்னா தெரியுமுங்களா? "அப்பா, நான் கடைக்கு வரலீங்கப்பா. பழத்தோட்டத்துப் பூச்சியப் பத்தி ஆராய்ச்சி பண்ணறதுதான் எனக்குப் புடிச்சிருக்குது"ன்னா.

"அதுல என்ன கண்ணு ஆராய்ச்சி? பூச்சி இருந்தா மருந்தடிக்கோணும். இல்லீன்னா வரும்னு சொல்லி அடிக்கோணும். அவ்வளவுதான?"ன்னேன்.

சிரிச்சா. நான் தமாசு பண்ணறேன்னு நெனச்சுக்கிட்டா போல.

கோயமுத்தூருல ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில சேந்துட்டா. தற்காலிக வேலைங்க. திட்டம் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது, பொட்டியக் கட்டவேண்டியதுதான். டாக்டர் பட்டத்துக்கு எடம் கெடச்சாத்தான் இந்தத் தொழில்ல கால் ஊனி நிக்க முடியுமாமா. ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தா மக என்ன பண்ணுதுன்னு கேக்கறாங்க. பூச்சி வளக்குதுங்கன்னேன். ஓ, பட்டுப்பூச்சிங்களா, நல்ல காசாச்சேன்னாங்க. நானும் ஆமாமான்னு தலைய ஆட்டி வெச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

அவ வளத்தது பட்டுப்பூச்சி இல்லீங்க. குளவி. இப்பப் பறந்து போச்சே, அத மாதிரி பெருசுகூட இல்ல. கொசுவுல பாதி இருக்காது. பப்பாளியில மாவுப்பூச்சின்னு ஒண்ணு வரும் பாத்திருப்பீங்க, மரத்துல மாவத் தூவிவிட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா அப்பிக்கிட்டு நிக்கும். இந்தக் குளவி என்ன பண்ணும்னா, அந்த மாவுப்பூச்சி வயித்துக்குள்ள முட்டையப் போட்டுட்டுப் போயிரும். முட்டை பொரிஞ்சு, புழு உள்ள இருந்துக்கிட்டே அதத் தின்னு தீத்துட்டு, குளவியா வெளிய வரும். கேக்கவே ஒரு மாதிரி இருக்குது. நானாவது ஒரே அடியாக் கொல்றேன், இது சித்திரவதையில்லையான்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சா.

எங்கூருக்குப் பக்கத்துல குண்டடம். அங்க நாச்சிமுத்துன்னு ஒருத்தரு பப்பாளி போட்டிருந்தாரு. அவரு தோட்டத்துல மாவுப்பூச்சி ஏறிருச்சு. மருந்தே அடிக்காதீங்க, நான் குளவி உடறேன்னு என்ற மக கேட்டு வாங்கிக்கிட்டா. அவளோட ஆராய்ச்சியே அந்தத் தோட்டத்துலதான். வாரா வாரம் பஸ்ஸேறி வந்து, குட்டிக் குட்டிக் குப்பியத் தொறந்து மரத்துக்கு மரம் கட்டிட்டுப் போவா. கொழந்தைக்குக் கஞ்சி ஊட்டற மாதிரி அத்தனை பக்குவம். எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல தம்பி அவ.

அப்பறம் கார்த்திகை வந்துச்சு. திங்கக்கெழம பெரிய ஆபீசருங்க தோட்டத்தப் பாக்க வர்றாங்கன்னு அவ போன்ல யாருக்கோ சொல்லிட்டு இருந்தா. காதுல உழுந்துச்சு. ஞாயித்துக்கெழம அவ கோயமுத்தூருல இருந்தா. சரி, மக தோட்டம் எப்படித்தான் இருக்குதுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு நான் வண்டிய எடுத்துட்டுப் போனேன்.

போயிப் பாத்தா, அய்யோ. அந்தக் கண்றாவிய என்னன்னு சொல்ல. மரம் பூராம் வெள்ளை. காயி மேல வெள்ளை, கொழுந்துல வெள்ளை, எலையெல்லாம் கரிப் பூத்துச் சுருண்டு கெடக்குது. எனக்கு மானமே போயிருச்சு. ஊரு பூராம் மருந்து விக்கறவன் மக பாக்கற தோட்டம், நாளைக்கு ஆபீசருங்க வந்து பாத்தா காறித் துப்பமாட்டாங்களா? புள்ளைக்கு வேலை நெலைக்குமா? பாவம், சின்னப் புள்ள, வெளையாட்டாட்ட எதையோ கட்டித் தொங்கவிட்டுட்டு இருக்குது, அப்பன்னு ஒருத்தன் இருந்து என்ன பிரயோசனம்?

கடைக்குத் திரும்பி வந்தேன். சும்மா மருந்த எடுக்கல தம்பி. அலமாரிக்கு மேல பூட்டி வெச்சிருப்பேன், ரொம்ப வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுக்கறது. அதுல மூணு ரகம் கலந்தேன். எலையில ஒட்டோணும்னு சோப்புத் தண்ணி. இன்னும் கொஞ்சம் ஊத்தினா நல்லதுன்னு மூடியில அளக்காம அப்படியே ஊத்துனேன். மகளுக்குப் பண்ணறப்ப அளந்தா பண்ணுவாங்க?

நாச்சிமுத்து தடுத்தாரு, இல்லீன்னு சொல்லல. "ஏனுங் மாமா, மருந்தே காட்டக்கூடாதுன்னு பாப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்குதே"ன்னாரு. "பாப்பாவப் படிக்க வெச்சதே நாந்தான், நீ கம்முனு இரு"ன்னேன். முதுகுல மிசினக் கட்டிக்கிட்டு நானே எறங்கிட்டேன். இந்த வயசுல, உச்சி வெயில்ல. பாதித் தோட்டம் முடிச்சேன், மிசின்ல பெட்ரோல் தீந்துபோச்சு. மீதிய உட்டுட்டேன். பாதியாச்சும் பளிச்சுன்னு இருக்கட்டும், ஆபீசருங்கள அந்தப் பக்கமாவே கூட்டிட்டுப் போகலாம்னு எனக்கொரு கணக்கு.

திங்கக்கெழம காலையில தேய்ச்ச சட்ட போட்டுக்கிட்டு நானே போயி நின்னேன், மக சந்தோசப்படறதக் கண்ணால பாக்கறதுக்கு. கார்ல வந்து எறங்குனாங்க. வாணி முன்னால நடந்து போயி ஒரு எலையத் திருப்புனா. மோந்து பாத்தா. அடுத்த மரத்துக்குப் போனா. அங்கயும் மோந்து பாத்தா. குப்பியெல்லாம் கட்டியிருந்தாளே, அதுக்குக் கீழ உக்காந்து மண்ணையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் எந்திரிச்சு நேரா என்னையப் பாத்தா.  அழல. அவ அழுதா எனக்குத் தாங்காதுன்னு அவளுக்குத் தெரியும், அதனாலதான் அழலீன்னு நெனைக்கறேன்.

ஆபீசருங்க போனதுக்கப்பறம் ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அப்பா, அந்த மாவுப்பூச்சிதானுங்கப்பா என்ற குளவிக்குச் சோறு. ரெண்டையும் சேத்தி நான் வளத்துட்டு இருந்தேன்."

நீங்களே சொல்லுங்க தம்பி. தோட்டத்துல பூச்சி இருந்தா அதப் பயிருன்னு நான் எப்படிக் கண்டுக்கறது? ஒரு போர்டு வெக்கலாமில்ல? அன்னிக்கு நின்னுதுங்க பேச்சு. போன் பண்ணுனா அவங்கம்மாகிட்டத்தான் பேசுவா. நான் பக்கத்துல உக்காந்து, கொரலாவது கேக்கட்டும்னு காதத் தீட்டிக்கிட்டு இருப்பேன். என்ற சம்சாரம் வேணும்னே சமையக்கட்டுக்குள்ள போயிப் பேசுவா. பொங்கலுக்கும் வரல. பொங்கலுக்கு மக வராத ஊடு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க.

தையில நாச்சிமுத்து போன் பண்ணுனாரு. "மாமா, வந்து பாருங்க ஒரு அதிசயத்த"ன்னாரு. போனேன். நான் மருந்தடிக்காம உட்ட பாதி இருக்குதே, அது பச்சைப்பசேல்னு நிக்குது. பூச்சியக் காணோம். நான் அடிச்ச பாதி முன்னையவிட அதிகமா வெள்ளை. அந்தப் பூச்சிக்கு மேல மெழுகாட்ட ஒரு போர்வை இருக்குதாமா, மருந்து உள்ள போகாதாமா. செத்தது பூராம் அவ குளவிதான். இது நாச்சிமுத்து சொன்னது, நான் ஒத்துக்கல. அந்தக் கெணத்துத் தண்ணி உப்பு. உப்புத் தண்ணியில மருந்து வேலை செய்யாது. கம்பெனிக்காரனும் இப்பெல்லாம் சரக்கு சரியா அனுப்பறதில்ல. காத்து வேற அன்னிக்கு எதுத்து அடிச்சுது. இத்தனை காரணம் இருக்கறப்ப எம்மேல பழியப் போட்டா எப்படி?

வாணி வந்து ரெண்டு பக்கத்தையும் போட்டோ புடிச்சுட்டுப் போயிருக்கறா. மாசியில கோயமுத்தூருல ஒரு கூட்டம், விவசாயிங்க, மருந்துக்கடைக்காரங்க எல்லாரையும் கூப்புட்டிருந்தாங்க. நான் போயிக் கடைசி பெஞ்சுல உக்காந்தேன். மேடையில என்ற மக. மைக்கப் புடிச்சுக்கிட்டு என்ன நிமிர்வு, என்ன தெளிவு. பெரிய தெரையில போட்டோவப் போட்டா. "இந்தப் பாதி குளவி உட்டது. அந்தப் பாதி ஒருத்தரு ஆசை ஆசையா மருந்தடிச்சது"ன்னா. கூட்டமே சிரிச்சுது. பக்கத்துல இருந்தவரு, "எவனோ ஒரு கூமுட்ட பாருங்க"ன்னாரு. "ஆமாங்க, எவனோ"ன்னு நானும் சேந்து சிரிச்சேன். ஆனா பாருங்க, பேரச் சொல்லல. அப்பனக் காட்டிக் குடுக்கல. அது பெரிய மனசுங்க. அப்பறம் கை தட்டுனாங்க. நல்லாத் தட்டுனாங்க. ரோசன பண்ணிப் பாத்தா நான் அடிக்கலீன்னா அந்தப் போட்டோவே இல்ல, அப்ப அந்தக் கைதட்டுல பாதி எனக்குத்தான?

கூட்டம் முடிஞ்சு, வெளிய டீ குடிக்கற எடத்துல, அவளோட பெரிய புரபசரு அவகிட்டப் பேசறத தூணுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். கண்டிப்பான அம்மா அவங்க. "வாணி, எதேச்சையா நடந்தத வெச்சு டாக்டர் பட்டத்துக்கு எடம் குடுக்க முடியாது. நம்ம பண்ணையிலயே பாத்தி பாத்தியாப் பிரிச்சு, எல்லாத்துலயும் குளவி உடு, பாதியில மட்டும் விவசாயி அடிக்கற மாதிரியே மருந்தும் அடி. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டு. வித்தியாசம் தெரிஞ்சா எடம் உனக்கு. தெரியலீன்னா அந்தப் போட்டோவ மறந்துட்டு வேற வேலை தேடிக்கோ"ன்னாங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னாங்க. என்ற மக சரிங்க மேடம்னு நின்னா. நான் குடிக்காத டீயக் கீழ வெச்சுட்டு பஸ்ஸேறிட்டேன்.

போன வாரம் போன் வந்துச்சுங்க. எனக்கு. என்ற போனுக்கு. "அப்பா, நல்லா இருக்கீங்களா?"ன்னா. கார்த்திகைக்கு அப்பறம் இப்பத்தான் அந்த வார்த்தையக் கேக்கறேன். போன ஸ்பீக்கர்ல போட்டு சம்சாரத்துக்கும் கேக்கற மாதிரி புடிச்சேன்.   "ஒரு ஒத்தாச வேணுமுங்கப்பா. நீங்க வந்து எங்க பாத்தியில மருந்தடிச்சுக் குடுக்கோணும். அதே கலவ, அன்னிக்கு அடிச்ச மாதிரியே. இங்க இருக்கற ஆளுக எல்லாம் அளந்து, கணக்குப் பாத்து அடிக்கறாங்க. அப்படி எந்த விவசாயி அடிக்கறாங்க? உங்கள மாதிரி கண்ண மூடிட்டு அடிக்க இங்க ஆளே இல்லீங்கப்பா"ன்னா.

கேட்டீங்களா தம்பி? இத்தனை படிச்சவங்க இருக்கற எடத்துல, என்னைய மாதிரி அடிக்க ஆளில்லையாமா. கடைசியில அப்பங்கிட்டத்தான வந்தாங்க? என்ற சம்சாரம் இதக் கேட்டுட்டு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு சிரிக்கறா. அவளுக்குப் பொறாமைங்க. "மருந்தெல்லாம் இங்க இருக்குது, நீங்க வெறுங்கைய வீசிக்கிட்டு வாங்க போதும்"னுட்டா மக. அதுக்குத்தான் இந்தப் பஸ்ஸு. இன்னிக்குத்தான் அடிக்கறது. எனக்குன்னு தனிப் பாத்தியாமா. 'விவசாயி முறை'ன்னு போர்டெல்லாம் எழுதி வெச்சிருக்கறாளாமா.

கொஞ்சம் இப்படிக் கிட்ட வாங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ. நான் இன்னிக்கு மருந்து அடிக்கப் போறதில்ல.

மருந்த டேங்குல ஊத்தற மாதிரி ஊத்திட்டு, அவ அந்தப் பக்கம் திரும்பறப்ப சாக்கடையில சாச்சுப்புட்டு, வெறும் தண்ணியத்தான் அடிக்கப் போறேன். தண்ணி வெள்ளையாக் கலங்கலா இருந்தாத்தான மருந்துன்னு நம்புவாங்க? பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் ஒரு பால் பாக்கெட்டு வாங்கி மடியில கட்டிக்குவேன். எப்படி ரோசன?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? அன்னிக்கு மண்ணுல உக்காந்து செத்த குளவியப் பாத்துக்கிட்டு இருந்தாளே தம்பி, அந்த மூஞ்சி இன்னும் என்ற கண்ணுலயே நிக்குது. மறுக்கா ஒருக்கா அதப் பாக்க என்னால ஆகாது. அவ கேட்டாங்கறதுக்காக அவ வளத்தத நானே கொல்லறதா? அப்பன் பண்ணற காரியமா அது? அவளுக்கு எத்தனை வெசனம் இருக்கும் உள்ளுக்குள்ள. மேடம் சொன்னாங்களேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கேட்டிருப்பா.

வித்தியாசமா? வித்தியாசம் எதுக்குங்க? அதத்தான் நானும் சொல்றேன். அவ பாத்தியும் பச்சை, எம்பாத்தியும் பச்சை, எல்லாம் ஒரே மாதிரி நிக்கும். பாக்கறவங்க அசந்து போயிருவாங்க. அப்பனும் மகளும் சேந்து செயிச்சோம்னு ஆயிரும். பட்டம் வாங்கிட்டு வரட்டும், அன்னிக்குச் சொல்றேன், கண்ணு, நான் அடிச்சது வெறும் தண்ணின்னு. எத்தனை சந்தோசப்படுவா பாருங்க.

அவ நம்பருங்களா? இப்பவேவா? எதுக்குங்க தம்பி, இத்தனை அவசரமா? உங்களுக்கும் தோட்டம் இருக்குதா? அதுக்கென்ன, குறிச்சுக்குங்க, தர்றேன். பூச்சியப் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்க, பொறுமையாச் சொல்லுவா. தண்ணி விசயத்த மட்டும் வாயத் தொறந்துப்போடாதீங்க.